வேட்டைக்காரன் கழுத்தில் மணி

"வழி தொலைஞ்சு போச்சு அம்மா," என்றான் தார்கியே.

யாங்சென் பால் கறந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரோட வழி?"

"என்னோடதுதான். நானே கண்டுபிடிச்ச வழி."



தார்கியேவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பனிமலைகளில் பொறி வைத்து நீர்நாயும் நரியும் மரநாயும் பிடிப்பது அவன் தொழில். பனி விழத் தொடங்கினால்தான் அவற்றுக்கு ரோமம் அடர்ந்து வரும். அதனால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பருகே ஒடுங்கும்போது அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுவான். அந்தப் பக்கத்து மலைகளில் பல இடங்களில் முதலில் பட்ட மனிதக் கால் அவனுடையதுதான். ஒரு கணவாய்க்கே அவன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவன், தன் மகள் வயதுள்ள ஒரு துறவியின் மாட்டுக்கொட்டில் வாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

ஊருக்கு மேலே சரிவில் தனியாக இருந்தது அந்தக் கல்வீடு. ஒரு யாக் மாடு, ஒரு கன்று, கொஞ்சம் முள்ளங்கிப் பாத்தி. யாங்சென் அம்மாவிடம் கேள்வியோடு போனவர்கள் பதிலோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. ஏதாவது வேலை செய்துகொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். ஆனாலும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மலைச்சனங்களுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

"கன்றைக் கொஞ்சம் பிடிங்க அண்ணா. முட்டிக்கிட்டே இருக்கு."

தார்கியே குனிந்து கன்றின் கழுத்தைக் கட்டிப் பிடித்தான். அது சூடாக இருந்தது. உயிருள்ள ஒன்றை இப்படித் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தான்.

"உள்ளே ஒருத்தன் இருக்கான் அம்மா."

"எதுக்குள்ள?"

"நான் கண்டுபிடிச்ச பள்ளத்தாக்குக்குள்ள. என் மனைவியோட தம்பி, சேவாங். கால் முறிஞ்சு குகையில கிடக்கான்."

"விழுந்துட்டாரா?"

"இல்ல. பொறியை மிதிச்சிட்டான். பனி மூடியிருந்தது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "நான் வெச்ச பொறி."

யாங்சென் அடுத்த காம்பைப் பிடித்தார்.

"இருபது நாளைக்கு மாவும் விறகும் வெச்சிட்டு வந்தேன். ஊருக்குப் போய்க் கட்டுப் போட மருந்து எடுத்துக்கிட்டு ஆறே நாள்ல திரும்பிடறேன்னு சொன்னேன். இன்னையோட பதினாறு நாள்."

"போக வேண்டியதுதானே?"

"போனேன். ஏழு நாள் தேடினேன். வழி இல்லையே அம்மா."

இதையும் அவன் சன்னமாகத்தான் சொன்னான். குரலை உயர்த்தி அவனுக்குப் பழக்கமே இல்லை. காட்டில் முப்பது வருடம் கிசுகிசுத்தவன், வீட்டிலும் கிசுகிசுத்தான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி தன் காதில்தான் கோளாறு என்று வைத்தியரிடம் போனாளாம்.

"கல்லை அடுக்கி அடையாளம் வெச்சிருப்பீங்களே. மலையில போறவங்க எல்லாரும் வைக்கிறதுதானே?"

"வெச்சேன். எல்லா வாசல்லயும் வெச்சேன்."

யாங்சென் கறப்பதை நிறுத்தினார்.

"பொய் அடையாளமா?"

"ஆமா. பின்னால வர்றவன் ஏமாறணும்னு."

"யாராவது ஏமாந்தாங்களா?"

தார்கியே கன்றின் முகத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"நான் ஏமாந்தேன்."

யாங்சென் மறுபடி கறக்கத் தொடங்கினார். அவர் சிரித்தாரா என்பது மாட்டின் வயிறு மறைத்ததில் தெரியவில்லை.

"இந்த வருஷந்தான் முதல் தடவையா அங்க போனேன் அம்மா. பதினோரு பிளவு இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி. உள்ளே போனா ஒவ்வொண்ணும் நாலாப் பிரியும். வெளிய வரும்போது தடம் தெரியக்கூடாதுன்னு ஆத்துத் தண்ணிக்குள்ளேயே நடந்தேன். எப்பவும் அப்படித்தான் நடப்பேன். இந்தத் தடவை வழுக்கி விழுந்துட்டேன். காய்ச்சல் வந்துடுச்சு. எந்தப் பிளவு வழியா வெளிய வந்தேன்னு யோசிச்சா, தூக்கத்துல நடந்த மாதிரி இருக்கு. இப்ப பனியும் எல்லாத்தையும் மூடிடுச்சு."

"அவர் புகை போட்டுக் காட்டமாட்டாரா?"

"மாட்டான். பகல்ல புகை வரக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். மனுஷச் சத்தம் கேட்டா நெருப்பை அணைச்சிட்டுப் பதுங்கிடணும். யார் கூப்பிட்டாலும் குரல் குடுக்கக்கூடாது. அதுதான் எங்க வழக்கம்."

"சொன்னபடி செய்வாரா?"

"அப்படியே செய்வான்."

"நல்ல பிள்ளை."

"நல்ல பிள்ளைதான்," என்றான் தார்கியே. அவன் கண் கலங்கிவிட்டது. கன்றின் ரோமத்தில் முகத்தை வைத்துக்கொண்டான்.

யாங்சென் கேட்டார். "எதுக்கு அண்ணா இவ்வளவு ஒளிவு மறைவு?"

"நான் காட்டின இடத்தையெல்லாம் காலி பண்ணிட்டாங்க அம்மா. முதல் வருஷம் நான் போவேன். அடுத்த வருஷம் என் காலடியைப் பிடிச்சுக்கிட்டு இருபது பேர் வருவாங்க. மூணாம் வருஷம் ஆத்துல ஒரு நீர்நாய் மிஞ்சாது. என் பேர் வெச்ச கணவாய்க்குப் போய்ப் பாருங்க, ஒரு காக்காகூட இல்ல. இந்த ஒரு பள்ளத்தாக்காவது யார் கண்ணுலயும் படாம இருக்கட்டும்னு நினைச்சேன். அது தப்பா?"



"ஊர்ல சொன்னீங்களா? முப்பது பேர் போய்த் தேடலாமே."

"முப்பது பேர் தேடினா முப்பது பேருக்கும் வழி தெரிஞ்சு போயிடும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. முகம் சுருங்கிப் போயிற்று.

"அவர் அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"தோலைப் பதப்படுத்தறதுக்காக அங்கேயே தங்கியிருக்கான்னு."

"நம்பினாங்களா?"

"தலையாட்டினா. தம்பிக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கிட்டிருந்தா." தார்கியே கன்றின் காதைத் தடவினான். "ரெண்டு காலுக்கும்."

யாங்சென் எழுந்து பால் பாத்திரத்தை மூடி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். தார்கியே கன்றை விட்டுவிட்டுச் சட்டென்று மண்டியிட்டான்.

"அம்மா, நீங்க கண்ணை மூடினா தூரத்துல இருக்கறது தெரியும்னு சொல்றாங்க. மூடிப் பாருங்க. எந்தப் பிளவுன்னு சொல்லுங்க. என் காதுல மட்டும் சொல்லுங்க."

யாங்சென் கண்ணை மூடவில்லை. மாட்டின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்தார். பித்தளை மணி, கைக்கு அடங்காத அளவு பெரியது. அதைக் கொண்டுவந்து தார்கியேவின் கழுத்தில் கட்டினார். தோல்வாரை முதலில் தண்ணீரில் நனைத்து, பின்கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டார். காய்ந்தால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

தார்கியே திகைத்துப் போய்த் தலையைத் திருப்பினான். மணி அடித்தது.

"என்னம்மா இது?"

"மணி."

"அது தெரியுது. இதைக் கட்டிக்கிட்டு நான் எப்படிப் போவேன்? மூணு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற நரிகூட ஓடிப்போகும்!"

"நரியையா தேடுறீங்க?"

தார்கியே எழுந்தான்.

"மாட்டையாவது கூடக் குடுங்க. அவனை ஏத்திட்டு வரணுமே."

"மாடு பால் குடுக்குது. உங்களுக்கு முதுகு இருக்கு."

அவ்வளவுதான். யாங்சென் கன்றை அவிழ்த்துவிட்டார். அது ஓடிப்போய் மடியில் முட்டிற்று.

*

தார்கியேவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தன் சாகக் கிடக்கிறான், இந்த அம்மாவுக்கு விளையாட்டு. ஆனால் கோபித்துக்கொண்டு போவதற்கும் அவனுக்கு வேறு இடம் இல்லை. மருந்தையும் மாவையும் முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறினான்.

நாலு அடிக்கு ஒரு முறை மணி அடித்தது. கீழே ஊரில் யாரோ தலை நிமிர்ந்து பார்த்தார்கள். முப்பது வருடத்தில் அவன் புறப்பட்டுப் போவது ஊர் காதில் விழுவது அதுதான் முதல் தடவை.

கையால் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பாறையில் ஏற இரண்டு கையும் தேவைப்பட்டது. விட்டான். அடித்தது. கையுறையைக் கழற்றி மணிக்குள் திணித்தான். அரை மைல் சும்மா இருந்தது. அப்புறம் கையுறை சரிவில் விழுந்து எங்கோ உருண்டு போயிற்று. அடித்தது. கை விறைத்ததுதான் மிச்சம்.

மறுநாள் அவனுக்கு அலுத்துவிட்டது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

வெயிலும் பனிப்புகையும் மாறி மாறி வந்தன. எது தரை, எது மேகம் என்று தெரியாத வெள்ளை. அந்த வெள்ளைக்குள் மணியும் அவனும் மட்டும் போய்க்கொண்டிருந்தார்கள். பசி எடுத்தபோது வறுத்த மாவைப் பிசைந்து நடந்துகொண்டே தின்றான்.

ஒரு திருப்பத்தில் மலை ஆடுகள் நின்றன. பதினைந்து இருபது இருக்கும். மணிச் சத்தம் கேட்டு எல்லாம் தலை தூக்கின. இதோ ஓடப்போகின்றன என்று நினைத்தான். அவை மறுபடி குனிந்து பனியைக் கிளறிப் புல்லைத் தேடின. அவன் அவற்றின் நடுவே நடந்து போனான். ஒரு கிடா வழி விட்டு நின்றது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மணி கட்டியது மாடு. மாடு யாரையும் ஒன்றும் செய்யாது. அவற்றுக்கு அது தெரியும்.

அதன் பிறகு எதுவும் அவனைக் கண்டு ஓடவில்லை. ஒரு நரி கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அதன் முதுகு ரோமம் காற்றில் பிரிந்து பிரிந்து சேர்ந்தது. நல்ல தோல் என்று மனசு சொல்லப் பார்த்தது. சொல்லி முடிப்பதற்குள் நரி வேறு பக்கம் போய்விட்டது.

ஆற்றின் வளைவில் நீர்நாய்கள் இருந்தன. ஒரு தாய், இரண்டு குட்டி. கரையிலிருந்த பனிச்சரிவில் வயிற்றை வைத்துச் சறுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தன. ஏறி வந்தன. மறுபடி சறுக்கின. இதில் என்ன லாபம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. முப்பது வருடமாக அவன் பார்த்த நீர்நாய்கள் எல்லாம் அசையாமல்தான் இருந்தன. அவை விளையாடும் என்பது அவனுக்குத் தெரியாது.

வெட்கமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. வெகு நேரம் நின்று பார்த்துவிட்டு, திடுக்கிட்டவனாக மறுபடி நடந்தான். தாமதித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

*

மூன்றாம் நாள் நடுப்பகலில் பிளவுகளுக்கு வந்து சேர்ந்தான்.

பனிப்புகை கெட்டியாக இறங்கியிருந்தது. பாறைச் சுவர்கள் நிழலாகத் தெரிந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கல்லடுக்கு. எல்லாம் அவன் கை அடுக்கியவை. ரொம்ப நேர்த்தியாக அடுக்கியிருந்தான். எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் பிளவுக்குள் நுழைந்தான். மணி சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வெளியே வந்தான். அடுத்த பிளவில் நுழைந்தான். அங்கேயும் அதே வெள்ளை.

நடந்துகொண்டிருந்தவன் சட்டென்று நின்றான்.

மணி.

மலையில் மணிச் சத்தம் என்றால் வியாபாரிகள் வருகிறார்கள் என்று அர்த்தம். மாட்டு மேல் சரக்கு ஏற்றிக்கொண்டு மனிதர்கள் வருகிறார்கள். சேவாங்குக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான். மணி கேட்டா உடனே நெருப்பை அணைச்சிடு. சத்தம் போன பிறகும் மூச்சு விடாதே.

இங்கே எங்கோ, இந்தச் சுவர்களில் ஒன்றுக்குப் பின்னால், சேவாங் இப்போது நெருப்பை அணைத்துக்கொண்டிருக்கிறான். கால் ஒடிந்தவன் தவழ்ந்து தவழ்ந்து போய்ப் பனியை அள்ளி நெருப்பின் மேல் போட்டுக்கொண்டிருக்கிறான். இந்தக் குளிரில் நெருப்பு அணைந்தால் எத்தனை நேரம் தாங்குவான்? மறுபடி மூட்டக் கையில் தெம்பு இருக்குமா?

 தார்கியே கத்தியை உருவித் தோல்வாருக்கு அடியில் கொடுத்தான். இறுகிப்போயிருந்தது. ஒரு இழுப்பில் அறுத்துவிடலாம்.

அறுத்தால் என்ன ஆகும்? சத்தம் நின்றுவிடும். சேவாங் மூச்சடக்கிக்கொண்டு கிடப்பான். தான் மூச்சடக்கிக்கொண்டு பதினோரு பிளவிலும் தேடலாம். இரண்டு பேரும் கெட்டிக்காரத்தனமாக, ஒருத்தர் சத்தம் ஒருத்தருக்குக் கேட்காமல்.

 கத்தியை எடுத்துப் பனியில் வீசினான்.

வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை. தொண்டையிலிருந்து கன்று கத்துவதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. இருமினான். பனியை அள்ளி வாயில் போட்டு விழுங்கினான். மறுபடி திறந்தான்.

"சேவாங்!"

அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. பாறைகள் அந்தப் பெயரை வாங்கி ஒன்றிடம் ஒன்று கொடுத்தன. எங்கோ பனி சரிந்தது. காக்கைகள் எழுந்து பறந்தன.

"சேவாங்! நெருப்பை அணைக்காதடா! புகை போடு! ஈர விறகைப் போட்டு நல்லாப் புகையவிடு! குரல் குடு!"

தான் முப்பது வருடம் கட்டிக்காத்த சட்டத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மலை முழுக்கக் கேட்கும்படி உடைத்துக்கொண்டிருந்தான். யார் கேட்டாலும் கேட்கட்டும். அடுத்த பள்ளத்தாக்குக்காரன் கேட்கட்டும், அவன் பேரன் கேட்கட்டும். அழுகை வந்தது. அழுதுகொண்டே கத்தினான். குதித்தான். குதித்தால் மணி இன்னும் பலமாக அடித்தது.

"கல்லையெல்லாம் நம்பாதீங்க! அது எல்லாம் பொய்! நான் வெச்சது! இங்க ஒருத்தன் கால் ஒடிஞ்சு கிடக்கான்! யாராவது இருந்தா வாங்க! சேவாங்! டேய்!"

நின்று கேட்டான்.

ஒன்றும் இல்லை.

பனிப்புகை அவன் முகத்தை உரசிக்கொண்டு போயிற்று.  மணிகூட நின்றுவிட்டது.

அப்புறம், இடது பக்கத்தில், கொஞ்சம் மேலே, அவன் நினைத்ததைவிட மிகவும் கிட்டத்தில், ஒரு பலவீனமான குரல் கேட்டது.

"யாரது?"

"நான்தான்டா! அத்தான்!"

மேலே அவன் யோசிக்கிறான் என்று தெரிந்தது.

"பொய். எங்க அத்தான் கத்தமாட்டாரு."

தார்கியே அண்ணாந்து அந்த வெள்ளையைப் பார்த்தான்.

"நிஜமா யாரு நீ?" என்றது குரல்.

"தெரியலடா!" என்று கத்தினான் தார்கியே. "நீ பேசிக்கிட்டே இரு. வந்துக்கிட்டிருக்கேன்."